கூப்பிட்டவர் வாசலில் நிற்பார்

எங்கள் கடைத்தெருப் பள்ளிவாசலுக்கு இப்போது வந்திருக்கும் மோதினாருக்கு அருமையான குரல். தொழுகைக்கு அழைத்து அவர் வாங்கு சொல்லத் தொடங்கினால் பேக்கரிக்காரர் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் காது கொடுக்கிறார். எனக்கும் பிடிக்கும். ஆனால் வாங்கு முடிந்த உடனே என் கண் தானாகப் பள்ளிவாசலின் பச்சை இரும்புக் கேட்டுக்குப் போகிறது. அங்கே யாரும் இல்லை. தொழ வருகிறவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். கேட்டும் தன் பாட்டில் திறந்து கிடக்கிறது.

முன்பு அங்கே ஒருவர் நிற்பார்.

அவர் நின்ற கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. உண்மையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தன் மனைவிக்காக நாலு பேர் வரிசையில் நின்று தொழ வேண்டும் என்று அவர் தவித்த நாளின் கதை. அதற்குப் போகப் பயந்துகொண்டு மற்றதையெல்லாம் முதலில் சொல்லப் போகிறேன். என் பழக்கம் அது. நான் மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் பேர் கொடுத்துவிட்டு, அன்று விடியக் காய்ச்சல் வந்து படுத்தவன். காய்ச்சல் மானியில் ஏறவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், உள்ளே இருந்தது.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆட்டோ ஓட்டுகிறேன். தரிப்பிடம் பள்ளிவாசலுக்கு நேரெதிரே. பிறந்தது மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். எங்கள் லயத்தில் அந்தக் காலத்தில் கடிகாரம் இருந்த வீடுகள் குறைவு, ஓடிய கடிகாரம் அதைவிடக் குறைவு. ஐந்து நேர வாங்குதான் எங்களுக்கு மணி. விடியற்காலை சுபஹு வாங்குக்கு அம்மா அடுப்பு மூட்டுவார். பின்னேரம் அஸர் வாங்கு கேட்டால் மலையில் நிற்கும் பெண்கள் கொழுந்து நிறுக்க இறங்குவார்கள். பொழுது சாய்ந்ததும் மஃரிபுக்குச் சாமி விளக்கு. எங்கள் கோயில் பூசாரியே சுபஹு வாங்குக்குத்தான் எழும்புவார். கேட்டால், "எழுப்பிவிட ஒரு ஆளு வேணும்ல. அவரு எந்தக் கோயிலு ஆளா இருந்தா என்னா?" என்பார்.

பழைய மோதினாரின் குரல் நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சளி பிடித்த கங்காணி பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடுவது மாதிரி இருக்கும். மைக்கைப் போட்டதும் முதலில் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமல் மலை முழுக்கக் கேட்கும். வாங்கு தொடங்குமுன் செருமலுக்கே எழுந்துவிடும் கிழவிகள் எங்கள் லயத்தில் இருந்தார்கள்.

ஆனால் அவரிடம் விசேஷம் குரல் அல்ல. வாங்கு சொல்லி முடித்ததும் படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டுக்கு வந்து நிற்பார். ஒரு கை கேட்டின் மேல். ரோட்டை இந்தப் பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் பார்ப்பார். வெள்ளிக்கிழமை என்றால் கூட்டம் வரும். மற்ற நாள் பகலில் யார் வருவார்கள்? வியாபார நேரம். வயதானவர்கள் சிலர் வருவார்கள். அவ்வளவுதான். எதிர்ச் சாரியில் புடவைக்கடை முதலாளி, இவர் நிற்பதைக் கண்டதும் தொங்கவிட்ட சட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவார். சட்டைக்குக் கீழே காலிரண்டும் தெரியும். இவருக்கும் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டார். உள்ளே தொழுகை ஆரம்பிக்கும்வரை நின்றுவிட்டுப் போவார்.

அண்ணன் என்பதுபோல அவரை நாங்கள் நானா என்போம். ஒரு நாள் கேட்டேன்: "மைக்குல கூப்பிட்டாச்சில்ல நானா. வர்றவன் வரப் போறான். எதுக்கு வந்து கால் கடுக்க நிக்கிறீங்க?"

அவர் என்னை ஏதோ மரியாதை தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒங்க வீட்டு விசேஷத்துக்கு ஆக்களக் கூப்பிட்டுப்போட்டு, நீங்க உள்ளுக்குப் போய் ஒக்காந்துக்குவீங்களா? கூப்பிட்டவன் வாசல்ல ஈக்க வேணாமா தம்பி?"

அதற்கு மேல் அவரிடம் தத்துவம் கிடையாது. ஆனால் அதை அவர் எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொண்டார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவார்கள். "பின்னேரம் வாங்க, கஞ்சி எடுத்து வெக்கிறேன்" என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். அன்றைக்கென்று பகல் தூங்கி எழுந்தபோது என் இடது கை மரத்துக் கிடந்தது. இடது கை! நெஞ்சு வியாதி அந்தப் பக்கமாகத்தான் வரும் என்று யாரோ சொல்லி எனக்கு மனப்பாடம். மனைவியைக் கூப்பிட்டு, ஆட்டோ புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, மகளை எந்தப் பக்கத்துச் சொந்தத்தில் கட்டிக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே, "கைய மடிச்சி அதுமேல படுத்துத் தூங்குனீங்க. ஒதறுங்க, சரியாப் போகும்" என்றாள். உதறினேன். சரியாகப் போனது. ஆனால் பயம் போக நேரம் எடுத்தது. கீழே இறங்கி வந்து சேரும்போது நோன்பு திறந்து, தொழுது, எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மழை பிடித்துப் பெய்துகொண்டிருந்தது. கேட்டில் குடையோடு அவர். மறு கையில் கஞ்சிக் கேன், துணியால் சுற்றி.

"என்னா நானா, இன்னும் நிக்கிறீங்களே!"

"வாரேன் எண்டு செல்லிட்டுப் போனீங்களே."

"மழை இப்புடிக் கொட்டுது..."

"மழைக்கும் செல்லிப் பார்த்தேன், போ எண்டு. கேக்குதில்ல."

ஏன் தாமதம் என்று கேட்டார். கையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. மரியாதைக்காக இருமுவதுபோல மறைத்தார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் முதல் கேள்வி, "கை எப்படி ஈக்கி?" என்பதுதான்.

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்பதுபோல ராத்தா என்போம். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஓர் அறையும் குசினியும், அங்கேதான் இருவரும். ஒரே மகளை வெலிமடையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ராத்தாவுக்கு மூச்சிழுப்பு. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்குக் காற்று இருக்காது. அந்த நாலு வார்த்தையையும் புருஷனைக் கிண்டல் பண்ணத்தான் செலவழிப்பார்.

"தம்பி, எங்க கலியாணத்துல... இவருதான் மாப்பிள எண்டு ஒருத்தரும் நம்பல்ல. வாசல்ல நிண்டு... வந்தவங்களுக்கெல்லாம் ஸலாம் செல்லிக்கிட்டே ஈந்தாரு. நிக்காஹுக்குத் தேடிப் புடிச்சி... உள்ள இழுத்தாங்க."

ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு அவர் பின்பக்கம் வீட்டுக்குப் போகும்போது, குசினியிலிருந்து ராத்தாவின் குரல் வரும்:

"எல்லாரும் வந்தாச்சா?"

அவர் சொல்வார்: "வந்தவங்க வந்தாங்க, புள்ள."

ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். பள்ளிவாசல் ஓரத்துச் சந்து முனையில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தால் எனக்குக் கேட்கும். 'இல்லை' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'ஆமாம்' என்று சொல்லவும் வாய்ப்புக் கிடைத்ததில்லை.

யாராவது இறந்தால் மைக்கில் அறிவிப்பதும் அவர்தான். ஜனாஸாவைச் சுமந்து வரும்போது கேட்டில் நின்று முதலில் தோள் கொடுப்பவரும் அவர்தான். "எல்லாத் தொழுகைக்கும் வாங்கு சொல்றீங்க, மையத்துத் தொழுகைக்கு மட்டும் ஏன் சொல்றதில்ல?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அதுக்கு வாங்கு முந்தியே செல்லியாச்சி தம்பி. புள்ள பொறந்த ஒடனே காதுல செல்லுறோமே, அதுதான். தொழுகை மட்டும் பிந்தி வரும்."

"அடேங்கப்பா, அவ்வளவு நேரமா வாசல்ல நிக்கணும்?"

"நிக்கத்தானே வேணும்" என்றார். அப்போது அதை நானும் ஒரு பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்த நோய் வந்தது. ஊரடங்கு. பள்ளிவாசல், கோயில், பௌத்தர்களின் பன்சலை எல்லாம் பூட்டு. எனக்கு அது தங்கமான காலம். உலகமே என்னைப்போலப் பயப்பட ஆரம்பித்துவிட்டது. ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டோவுக்குள் பொலித்தீன் கட்டி, அதற்குள் மழைக்கோட்டுப் போட்டு, மூக்குக்கு ரெண்டு முகக்கவசம். வெலிமடையிலிருந்து லொறியில் வரும் மரக்கறியை லயங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். குடித்த கொத்தமல்லித் தண்ணீரில் ஒரு தோட்டமே போட்டிருக்கலாம்.

பள்ளிவாசல் பூட்டிய பிறகும் ஐந்து நேர வாங்கு நிற்கவில்லை. ஆனால் மாறிவிட்டது. வாங்கின் நடுவில் 'ஹய்ய அலஸ் ஸலாஹ்' என்று வரும். தொழுகைக்கு வாருங்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் இப்போது வேறொன்று சொன்னார்கள்: உங்கள் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள். பெரிய ஆபத்துக் காலத்தில் அப்படிச் சொல்ல மார்க்கத்தில் இடம் இருக்கிறதாம். எனக்கு அரபு தெரியாது. ஆனால் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். ஒரு சொல் மாறினாலும் காது தடுக்கும். அவர் அந்த இடத்துக்கு வரும்போது ஒரு மூச்சு அதிகமாக எடுப்பார். ஆயுள் முழுக்க 'வாங்க' என்றே சொன்னவர் 'வராதீங்க' என்று சொல்லப் பழக வேண்டியிருந்தது.

முதல் நாள், வாங்கு முடிந்து பார்க்கிறேன், பூட்டிய கேட்டுக்கு உள்பக்கம் வந்து நிற்கிறார். கம்பிக்கு நடுவில் முகம்.

ரோட்டின் இந்தப் பக்கமிருந்தே கத்தினேன்: "யாரும் வரமாட்டாங்க நானா! நீங்கதானே வராதீங்கன்னு சொன்னீங்க!"

"மறதியில ஆராவது வந்துட்டா? திருப்பி அனுப்ப ஆள் வேணுமே."

அந்தக் காலத்தில்தான் ராத்தாவுக்கு மூச்சிழுப்பு கூடியது. ஆஸ்பத்திரி வண்டி வந்தது. கூடப் போக யாருக்கும் அனுமதி இல்லை. வண்டிக் கதவடியில் நின்று அவர் சொன்னார்: "போய்ட்டு வா புள்ள. நான் வாசல்லதான் ஈக்கிறேன்."

ராத்தா முகக்கவசத்துக்குள்ளிருந்து, "வேற எங்க... ஈக்கப் போறீங்க?" என்றார். நான் கேட்ட அவருடைய கடைசிக் கிண்டல் அது.

சில வாரம் கழித்து மகள் வெலிமடையிலிருந்து போன் பண்ணினாள். ராத்தா போய்விட்டார். அந்த நோயும் இருந்ததாம். எங்கே ஒட்டியதோ, யாருக்குத் தெரியும். அந்த நோயில் இறந்தவர்களை, எந்த மதமானாலும், எரிக்க வேண்டும் என்று அப்போது நாட்டில் உத்தரவு.

மோதினாரைச் சுடலைக்குக் கூட்டிப் போனது நான்தான். வேறு வண்டி ஓடவில்லை. பொலித்தீனுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் மழைக்கோட்டுக்குள் நான். கீழே நகரத்துக்கு இறங்கினோம். சுடலை கேட்டில் அதிகாரி ஒருவர் இதற்கு மேல் போகக் கூடாது என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். மோதினார் கேட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நிற்பு தெரியும். தினமும் ஐந்து நேரம் பார்த்த நிற்பு.

புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பியது. அப்போது அவர் என்னிடம் திரும்பினார்.

"தம்பி, ஒங்க ஆக்கள எரிக்கிறீங்களே... நோவுமா?"

நான் எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன். முகக்கவசம் ரெண்டும் நனைந்துபோயின. பிறகு சொன்னேன்: "எங்கப்பாவ எரிச்சோம் நானா. ஒரு கொசு கடிச்சாலே ஊரைக் கூட்டுற மனுசன். அன்னைக்கு ஒரு சத்தமும் போடல."

அவர் தலையாட்டினார்.

"குளிப்பாட்டல்ல. தொழவுமில்ல" என்றார். "ஊர்ல எத்தன பேருட சந்தூக்குக்குத் தோள் குடுத்தேன். இவளுக்கு நாலு பேர் வரிசையில நிண்டு தொழுதா மட்டும் போதும் தம்பி. ஒடம்பு இல்லாட்டியும் தொழலாம், மார்க்கத்துல ஈக்கி. ஆனா ஆர வரச் செல்ல? நான்தானே வராதீங்க எண்டு செல்லிக்கிட்டு ஈக்கிறேன்."

திரும்பி ஊருக்கு வரும்போது மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. இமாம் ஊரடங்குக்கு முன்பே தன் ஊருக்குப் போய்விட்டார். வாங்கு சொல்ல இவரை விட்டால் ஆளில்லை. "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க நானா" என்றேன். காதில் விழாதவர்போல உள்ளே போனார்.

நான் ஆட்டோவுக்குச் சவர்க்காரம் போட ஆரம்பித்தேன். மைக்கில் செருமல் கேட்டது. வாங்கு தொடங்கியது. குரல் வழக்கத்தைவிட மோசம். கழுவிக்கொண்டே கேட்கிறேன். அந்த இடம் வந்தது. அவர் ஒரு மூச்சு அதிகமாக எடுக்கவில்லை.

'ஹய்ய அலஸ் ஸலாஹ்' என்றார்.

என் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது. மாதக் கணக்கில் சொல்லாததைச் சொல்லிவிட்டார். ஒரு தடவை தவறியது என்று பார்த்தால், ரெண்டாம் தடவையும் அதையே சொன்னார். வாருங்கள். வாருங்கள்.

எனக்கு உடனே எல்லாம் தெரிந்துவிட்டது. பொலிஸ் வரும். அவரைப் பிடிக்கும். பக்கத்தில் நின்ற குற்றத்துக்கு என்னையும் பிடிக்கும். என் அனுமதிச் சீட்டைக் கிழிக்கும். மகள் கல்யாணம் நிற்கும். ஒரு கையில் வாளியோடு ரோட்டைக் கடந்து கேட்டுக்கு ஓடினேன். ஏன் வாளி என்று கேட்காதீர்கள். அவர் வழக்கம்போல வந்து நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கே புரிந்தது.

"வாய் மாறிப் போச்சி தம்பி" என்றார். "மாறிப் போச்சி."

அதற்குள் எதிர்ச் சாரியில் ஒரு தகரக் கதவு உயரும் சத்தம். புடவைக்கடை முதலாளி. தலையில் தொப்பி, தோளில் முஸல்லா விரிப்பு. ரோட்டைக் கடந்து வந்து கேட்டுக்கு முன்னால் தள்ளி நின்றார். பிறகு பேக்கரிக்காரர். அவருக்குப் பின்னால் இரும்புக்கடை அண்ணன் தம்பிகள். சந்துக்குள்ளிருந்தும் மாடிப்படியிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் ஆயுளில் பள்ளிவாசல் பக்கம் கண்டிராத முகங்கள்கூட.

அவர் கேட்டுக்கு உள்ளே இருந்து கையை ஆட்டினார். "தவறிப் போய்ச் செல்லிட்டேன். போங்க, வீட்டுக்குப் போங்க, பொலிஸ் வந்துரும்."

புடவைக்கடைக்காரர் சொன்னார்: "என்ன நானா, இவ்வளவு காலம் வராம ஈந்தப்போ வாசல்ல நிண்டீங்க. ஒரு நாள் ஒழுங்கா வந்தா வெரட்டுறீங்க?"

யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

"கேட்டத் தொறக்க வேணாம்" என்றார் புடவைக்கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. "மஃரிப அவங்கவங்க வீட்டுல தொழுதுக்குவாங்க. ராத்தாவுக்குத் தொழத்தான் வந்தோம். ரோட்டுலயே நிக்கிறோம், தள்ளித் தள்ளி. நீங்க வந்து முன்னுக்கு நில்லுங்க."

மோதினார் பூட்டைத் திறக்க முயன்றார். சாவி துவாரத்தில் நிற்கவில்லை. நான் வாங்கித் திறந்துவிட்டேன். வெளியே வந்தவர் ரெண்டடி போனார். நின்றார். திரும்பிக் கேட்டைப் பார்த்தார். வாசலை விட்டுவிட்டுப் போகிறோமே என்று நினைத்திருக்க வேண்டும்.

"தம்பி, கொஞ்சம் இதுல ஈக்கிறீங்களா?"

அப்படித்தான் அன்று மாலை, தீமிதிக்குப் பயந்து படுத்த நான், மழைக்கோட்டும் ரெண்டு முகக்கவசமும் வாளியுமாகப் பள்ளிவாசல் கேட்டில் காவல் நின்றேன். ஒரு கையைக் கேட்டில் வைத்துக்கொண்டேன். அது தனியாக ஆடிக்கொண்டிருந்தது. இடது கைதான். அவர்கள் ரோட்டில் வரிசை வரிசையாக நின்றார்கள், ஒருவருக்கும் மற்றவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் இடம் விட்டு. அந்தத் தொழுகையில் குனிவதில்லை, நெற்றி தரையில் படுவதில்லை. நின்றபடியே. முன்னால் அவருடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது.

வளைவில் வெளிச்சம் வந்தது. ஜீப் என்று முடிவு செய்து, சொல்ல வேண்டிய பொய்யைத் தயார் பண்ணினேன். வந்தது வெலிமடை லீக்ஸ் லொறி. தினமும் எனக்கு மரக்கறி இறக்கித் தரும் சிங்கள டிரைவர். தலையை வெளியே நீட்டி, என்னவென்று கையால் கேட்டான். நான் பின்பக்க வீட்டைக் காட்டி, கையை விரித்தேன். அவனுக்கு ராத்தாவைத் தெரியும்; தேத்தண்ணீர் குடித்திருக்கிறான். விளக்கை அணைத்தான். எஞ்சினையும் அணைத்தான்.

தொழுகை நீளமில்லை. முடிந்ததும் வந்தது மாதிரியே போனார்கள். தகரக் கதவு இறங்கியது. லொறி கிளம்பியது. அவர் என்னிடம் வந்து கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "கை ஆடுது" என்றார். "மரத்துப் போச்சி நானா" என்றேன். "ஒதறுங்க, சரியாப் போகும்" என்றார்.

அடுத்த வருடம் மகள் அவரை வெலிமடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கேயே மௌத்தானார். அங்கே மண்ணில் வைத்தார்கள், எல்லாம் முறைப்படி. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்த மாலைதான் வருகிறது.

பூட்டிய பிறகு அவர் பின்பக்கமாக வீட்டுக்குப் போனார். நான் வாளியை எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு வந்தேன். குசினிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கில்லை. அவர் வாசற்படியில் நின்றார், யாரோ ஏதோ கேட்பதற்காகக் காத்திருப்பவர்போல. உள்ளேயிருந்து ஒருவரும் கேட்கவில்லை.

அவராகவே சொன்னார்:

"எல்லாரும் வந்தாச்சி, புள்ள."